காகித ஈ

மே 11, திங்கள்

நெத்திலி,

இடது கண் போய்விட்டது. பதறாதே, வலது கண் இருக்கிறது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்குக் கண் காரணம் இல்லை, எட்டாம் கிளாஸோடு நின்ற படிப்புதான் காரணம்.

காலையில் எழுந்தேன். இடது பக்கம் யாரோ கருப்புக் குடையை விரித்துப் பிடித்த மாதிரி இருந்தது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். முழு இருட்டு. "பிள்ள, லைட்டப் போடு" என்றேன். "லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தானம்மா இருக்கு" என்றாள் பெனிட்டா. அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பாதிக் கணக்கில்தான் பார்த்தேன்.

இது உப்புக் கம்பெனிக்காரர் வருஷாவருஷம் உனக்குக் கொடுக்கிற டைரி. நீ ஒரு வருஷமும் ஒரு வரி எழுதினதில்லை. கடையில் மிளகாய்த்தூள் மடிக்கத்தான் கிழித்தாய். இந்த வருஷத்தது முழுசாகக் கிடந்தது. சாப்பிட்ட கையோடு அன்றைக்கு நடந்ததை எல்லாம் உன்னிடம் கொட்டிப் பழகின வாய் என்னுடையது. நீ போய் இரண்டு மாசமாக அந்த வாய்க்கு வேலை இல்லை. கைக்காவது கொடுப்போம் என்று எடுத்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் உன்னை 'அவிய' என்பேன், தெரியும்தானே. இங்கே யாரும் இல்லை. இங்கே நீ நெத்திலிதான்.

இன்னொரு சேதி. நேற்று ஓசூரில் இருந்து போன் வந்தது. பெனிட்டாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. செல்போன் செய்கிற கம்பெனி. ஹாஸ்டல், சாப்பாடு, போகவர வண்டி, எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஜூன் எட்டாம் தேதி போய்ச் சேரவேண்டும், சேராவிட்டால் அடுத்து நிற்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்களாம். நல்ல சேதிதான். அதற்கும் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடுத்தடுத்த நாளில் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? நேற்றுத்தான் அடுப்பில் கேஸும் தீர்ந்தது. அதையும் கண்ணோடு சேர்ப்பார்களா?

மே 12, செவ்வாய்

கண் அப்படியேதான். மாடியில் சாளைக் கருவாடு காயப் போட்டேன். இடது கை ஓரமாகப் பதுங்கி வந்த பூனையை விரட்டினேன்.

மே 14, வியாழன்

உன் தங்கச்சி ராஜகிளி சாத்தான்குளத்தில் இருந்து வந்து இறங்கிவிட்டாள். பை நிறைய முருங்கைக்காய், வாய் நிறையப் பேச்சு.

"என்ன மைனி, கண்ணு போயிட்டாம்லா?"

"ஒண்ணுதான் போயிருக்கு. உன்னயப் பாக்க இன்னொண்ணு போதும்."

"எந்தக் கண்ணு?"

"இடது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு மாத்திச் சொல்லிரக் கூடாதுல்லா."

பார்த்தாயா அவள் பேச்சை? செத்த வீட்டில் அழுததில் தொண்டை கட்டிப் போயிருந்தது அவளுக்கு. அது இப்போது நன்றாகச் சரியாகிவிட்டது.

வந்த நேரத்தில் இருந்து என்னைச் சோதித்துக்கொண்டே இருக்கிறாள். முதலில் காப்பி. டம்ளரை என் இடது பக்கம் வைத்துவிட்டு, "குடிங்க மைனி" என்றாள். நான் வலது பக்கமாகவே தடவிக்கொண்டிருந்தேன். காப்பி ஆறிப்போய் ஆடை படர்ந்துவிட்டது. எனக்கு ஆடை படர்ந்த காப்பி ஆகாது என்று தெரிந்தேதான் செய்தாள். அடுத்தது எலுமிச்சம்பழம். இடது பக்கமாக எறிந்தாள். கன்னத்தில் வந்து பட்டது. வலித்தது. நான் இமைக்கவே இல்லை.

மத்தியானம் திடீரென்று, "ஐயோ மைனி, உங்க இடது தோளுகிட்ட பல்லி!" என்று கத்தினாள்.

"பல்லி இருந்துட்டுப் போவுது. நீ கட்டிருக்க பச்சச் சேலைக்கு அது எவ்வளவோ பரவால்ல" என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் நின்றது இடது பக்கம்தான். ஆனால் அந்தச் சேலையை அவள் காலையில் வாசலில் இறங்கும்போதே வலது கண்ணால் பார்த்தாயிற்று. கேட்டால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

(சாயங்காலமாக யோசித்துப் பார்த்தேன். காலையில் அவள் கட்டிக்கொண்டு வந்தது ஊதாச் சேலை.)

மே 17, ஞாயிறு

கோயிலில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிரசங்கம் செய்கிற ஐயர் வீட்டம்மா எழுந்து ஃபேனுக்குக் கீழே இடம் கொடுத்தார்கள். நீ போனபோது வந்த கூட்டம்கூட ஒரு வாரத்தில் கலைந்துவிட்டது. இப்போது கண்ணுக்காக எல்லாரும் மறுபடி வருகிறார்கள். ஒருத்தி பால் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினாள். பெனிட்டா வழி முழுக்க என் கையை விடவில்லை. மூன்றாம் கிளாஸ் படிக்கையில் பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்: "எம்மா, நான் ஓசூர் போவல."

"ஏன்?"

"ஒன்னய இப்பிடி விட்டுட்டு எப்பிடிப் போவ?"

நான் போகாதே என்று சொல்லவில்லை, நெத்திலி. இதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். "ஒனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய்யி பிள்ள" என்றுதான் சொன்னேன்.

ராஜகிளிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, என்ன பேச்சு பேசுத? கழுத்துல கம்பெனி அட்டையத் தொங்கப் போட்டுக்கிட்டு எம் மவ நடக்கணும்னு எங்க அண்ணன் சந்தைக்கு வந்தவன் போனவன்கிட்டல்லாம் சொல்லிக்கிட்டுக் கெடந்தான். நீ கருவாட்டுக் கடையில ஈ ஓட்டப் போறியா?"

"கருவாட்டுக் கடையில என்ன கொறச்சல்?" என்று கேட்டேன்.

"கொறச்சல்னு யாரு சொன்னா? ஈ ஓட்ட நீங்க ஒருத்தி போதும்னு சொல்லுதேன்."

முருங்கைக்காய் நல்ல பிஞ்சு. இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் இறங்கியது.

மே 19, செவ்வாய்

கடை திறந்தேன். எத்தனை நாளைக்குப் பூட்டி வைக்க? மாசிக் கருவாடும் வாளைக் கருவாடும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

நான் உட்காருகிற இடத்தில் நான். எனக்கு இடது பக்கம் நீ உட்காருகிற பிஸ்கட் டின். அதன் மேல் கோணியை மடித்துப் போட்டு மூடிவிட்டேன். கண் தெரியாத பக்கம்தான். இருந்தாலும் வெறும் டின் எதற்கு வெறும் டின்னாகத் தெரியவேண்டும்?

ஈ ஏகமாக இருந்தது. சித்திரை வெயில் முடிந்தும் போகவில்லை. உன் பங்கு ஈயையும் சேர்த்து நானே ஓட்டவேண்டியதாகிவிட்டது. உனக்கு விசிறி வேண்டும். எனக்குக் கை போதும். பேசிக்கொண்டே, நிறுத்துக்கொண்டே, பார்க்காமலே அடிப்பேன். "ஞானப்பூ கைக்குத் தப்பின ஈ தூத்துக்குடியில இல்ல" என்று பெருமையடிப்பாயே.

பதினோரு மணிக்கு ஒரு கட்டம் போட்ட லுங்கிக்காரன் வந்து அதை எடு இதை எடு என்று விலை கேட்டுக்கொண்டே நின்றான். நின்றவன் ஒரு வாளையை மெதுவாக மடிக்குள் தள்ளினான். எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். சந்தையே கூடிவிட்டது. அவன் வாளையைப் போட்டுவிட்டு ஓடினான்.

பக்கத்துக் கடை வெங்காயக்கார மூக்கையா தலையைச் சொறிந்தான். "யக்கா, அவன் உங்களுக்கு இடது கைப் பக்கம்லா நின்னான்? எப்பிடிப் பிடிச்சிய?"

"வாடை வந்துச்சு" என்றேன்.

"கருவாட்டுக் கடையில வாடைய வச்சு ஆளப் பிடிச்சியளா?"

"தொழில் தெரிஞ்சவளுக்கு வாடையே போதும்லே. நீ போயி ஒன் வெங்காயத்தப் பாரு."

போய்விட்டான். ஆனாலும் அரை மணிக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

மே 22, வெள்ளி

பெனிட்டா பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதலில் ஒரு சின்னப் பெண் பார்த்தது. சுவரில் எழுத்து. வலது கண்ணால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டேன். எட்டாம் கிளாஸ் என்று சொன்னதற்கு அந்தப் பெண், "நல்லாப் படிக்கீங்களேம்மா" என்றது. பெருமையாக இருந்தது. வலதைப் பொத்தி இடதைத் திறந்தபோது ஒன்றும் இல்லை. "பெரிய எழுத்துகூடவா?" என்றது. இல்லை. "என் கை அசையறது?" இல்லை. "லைட்டாவது?" கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவும் இல்லை என்றேன்.

அப்புறம் ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணுக்குள்ளே போட்டோ எடுத்தார்கள். ஆரஞ்சுப் பழத்தை வெட்டி வைத்த மாதிரி இருந்தது, ஒவ்வொரு கண்ணும். இரண்டும் ஒரே மாதிரிதான். "நரம்பு, திரை எல்லாம் சுத்தமா இருக்கும்மா. ரொம்ப நல்ல கண்ணு" என்றது அந்தப் பெண்.

தெரியாத கண்ணைப் போய் நல்ல கண் என்கிறது. செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டரம்மா பார்ப்பார்களாம்.

மே 23, சனி

பெனிட்டா வரவில்லை என்று கம்பெனிக்கு இன்னும் போன் போட்டுச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மே 26, செவ்வாய்

டாக்டர் சங்கரவடிவு நம் பக்கத்து மனுஷிதான். ஐம்பது வயசு இருக்கும். உள்ளே போனதும், "கருவாட்டுக் கடையா? நெத்திலி இப்ப எப்பிடி போவுது?" என்று கேட்டார்கள். எனக்கு ஒரு நிமிஷம் உன்னைக் கேட்கிற மாதிரி இருந்தது. அப்புறம் விலையைச் சொன்னேன். "ஏயப்பா!" என்றார்கள். பெனிட்டா பின்னால் ஸ்டூலில் இருந்தாள்.

முதலில் குட்டி டார்ச்சை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். "ம்" என்றார்கள். அவ்வளவுதான்.

அப்புறம் கனமான ஒரு கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வலது கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டார்கள். "இப்ப நல்லாத் தெரியுதா? இப்ப? இன்னும் ஒரு வரி படிங்க. பலே." நான் விடாமல் படித்தேன். அந்தச் சின்னப் பெண் பாராட்டினதில் வந்த தெம்பு. வலது கண் எத்தனை அருமையான கண் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் வலது கண்ணைப் பொத்திவிட்டு, முகம் பார்க்கிற பெரிய கண்ணாடி ஒன்றை எனக்கு நேராகப் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்தார்கள். "ஒண்ணும் தெரியல" என்றேன். "தெரியாண்டாம், சும்மா இருங்க" என்றார்கள். சும்மா இருந்தேன். அதில் ஒரு பொம்பிளை, காதோரம் நரைத்துப் போய், ஊஞ்சலில் இருக்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தாள் என்று வை. தெரிந்திருந்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று சொல்லுகிறேன்.

கடைசியில்தான் கூத்து. ஒரு கருப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்துகொள்ளச் சொல்லி ஒரு அட்டையை மடியில் வைத்தார்கள். நெத்திலி, அதில் ஒரு ஈ! கோழிக்குஞ்சுத் தண்டி. றெக்கையைத் தூக்கிக்கொண்டு, அட்டையை விட்டு எழுந்து, என் மூக்குக்கு நேரே நிற்கிறது. "இதோட றெக்கையப் பிடி..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தார்கள். முடிக்கவில்லை. அதற்குள் என் கை போய்விட்டது. "சீ, போ சனியனே!" என்று விட்டேன் ஒரு அடி. அட்டை பறந்து மேசைக்குக் கீழே போய் விழுந்தது.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நானும் சிரித்தேன். பெனிட்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து அட்டையை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையால் தடவினாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அடுத்த திங்கக்கெழம வாங்க. தனியா வாங்க" என்றார்கள் டாக்டரம்மா.

ரோட்டுக்கு வந்ததும் பெனிட்டா கேட்டாள்: "எம்மா, அந்த ஈ எப்பிடி இருந்துச்சு?"

"எந்திரிச்சுல்லா நின்னுச்சு, பறக்கப் போற மாதிரி. நீ பாக்கலியா?"

"பாத்தேன்" என்றாள். பஸ் வருவதற்குள் கேட்காமலே கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள். எனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்றும் இல்லை.

மே 29, வெள்ளி

ராஜகிளியிடம் ஈக் கதையைச் சொன்னேன். நடித்தே காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் அவளுக்கு மூளை வேலை செய்தது.

"ஏட்டி பெனி, அட்டையில இருக்க ஈ எப்பிடி எந்திரிக்கும்?"

"அது ஒரு மாதிரியான அட்ட, அத்த" என்று சொல்லிவிட்டுப் பெனிட்டா பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவுகிற சத்தம் கேட்டது.

ராஜகிளி என்னைச் சோதிப்பதை விட்டுவிட்டாள். சாயங்காலம் காப்பியை வலது பக்கமே கொண்டுவந்து வைத்தாள். சூடாக இருந்தது. என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"மைனி, எங்க அண்ணனப் பொதச்சிட்டு ஊருக்குப் போனேம்லா. அதுக்குப் பெறவு எனக்கு நாக்குல ருசியே இல்ல பாத்துக்கோங்க. உப்பு, புளி, ஒறைப்பு, எல்லாம் ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரரு ஒரு நா குழம்ப வாயில வச்சிட்டு, 'ஏளா, கடலயே ஊத்திட்டியா?'ன்னாரு. நான் ருசி பாத்துத்தான் எறக்குனேன். சத்தியமா."

"இப்ப?"

"வந்துட்டு. ஒரு நா வத்தக்குழம்பு வச்சேன், சுருக்குன்னு இருந்துச்சு. அன்னைக்கித்தான் நெனச்சு நெனச்சு அழுதேன்."

நான் காப்பியைக் குடித்தேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். வாயாடிதான். ஆனாலும் உன் தங்கச்சி.

ஜூன் 1, திங்கள்

தனியாகப் போனேன்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கருப்புக் கண்ணாடியை மாட்டி, ஈ அட்டையை மறுபடி மடியில் வைத்தார்கள். "அடிச்சிராதீங்க, வேற அட்ட கெடையாது" என்றார்கள். ஈ எழுந்து நின்றது.

"இப்ப இடது கண்ணப் பொத்துங்க."

பொத்தினேன். ஈ படுத்துவிட்டது. வெறும் படம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஒரு படம்.

"எடுங்க."

எழுந்தது.

"பொத்துங்க."

படுத்தது.

"ரெண்டு கண்ணும் சேந்து பாத்தாத்தான் இது எந்திரிக்கும். ஒத்தக் கண்ணுக்கு இது காயிதம். அன்னைக்குக் கடைசி வரியெல்லாம் படிச்சீங்களே, அப்ப உங்க வலது கண்ணுக்குக் கொஞ்சங்கொஞ்சமா மங்கல் வில்லையப் போட்டுட்டேன். அதுல எழுத்தே தெரியாது. நீங்க படிச்சது இடது கண்ணுல. பெரிய கண்ணாடிய ஆட்டுனப்பமும் உங்க கண்ணு அது பின்னாலயே போச்சு. முன்னால தன் உருவம் ஆடுனா, தெரியுத கண்ணால போகாம இருக்க முடியாது."

எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. "அப்போ நான் பொய் சொல்லுதேங்கியளா?"

"பொய் சொல்லி வாரவங்களும் உண்டு. நான் டார்ச்ச எடுத்தாலே அவங்களுக்கு எரிச்சல் வரும். எந்தச் சோதனை எதுக்குன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் பதில் வரும். நீங்க சிரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் செஞ்சீங்க. ஈயவே அடிச்சீங்க. சில பேருக்குக் கண்ணு பாக்கும், மனசு வாங்காது. சில பேருக்கு ரெண்டும் கலந்து இருக்கும். உங்களுக்கு எதுன்னு நான் கேக்கல. வேற ஒண்ணு கேக்கேன். கடையில உங்களுக்கு இடது பக்கம் யாரு இருப்பா?"

நெத்திலி, இதை எதற்குக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டார்கள், சொன்னேன். "அவிய இருப்பாவ, டின்னு மேல. அன்னைக்கு என் தோள்ல சாஞ்சாவ. வெயிலுக்குக் கண் அசருதாவன்னு இருந்துட்டேன். ரெண்டு பேருக்கு வாளை நிறுத்துக் குடுத்துட்டுத்தான் திரும்பிப் பாத்தேன்." அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லையே.

டாக்டரம்மா எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார்கள். மறுபடி வந்து உட்கார்ந்தார்கள்.

"மகளுக்கு என்னைக்கு வேலையில சேரணும்?"

பெனிட்டா சொல்லியிருக்கிறாள் போல. "எட்டாந் தேதி."

"கண்ணு காஞ்சு போயிருக்கு, சொட்டு மருந்து தாரேன், அதுக்கு நல்லது. பார்வை தன்னால வந்துரும்."

"எத்தன நாள்ல?"

"அது உங்களுக்குத்தாம்மா தெரியும்."

வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிக் கேட்டேன். "மகட்ட என்ன சொல்லுவிய?"

"கண்ணுல கோளாறு இல்ல, சீக்கிரம் தெளிஞ்சிரும்னு சொல்லுவேன். அது நெசந்தான?"

அடுத்த தரம் போகும்போது நல்ல நெத்திலியாகக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

ஜூன் 2, செவ்வாய்

சொட்டு மருந்து போட்டேன். எரியவே இல்லை. எரிந்தால் நம்பிக்கையாக இருந்திருக்கும்.

ஜூன் 3, புதன்

கண் வந்துவிட்டது!

நல்ல மருந்து அது. காலையில் பெனிட்டா என் இடது பக்கம் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் மாவு பிசைந்துகொண்டே, "பிள்ள, ஒன் இடது காதுல திருகாணி கழண்டு தொங்குது, பாத்து" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டேன். முன்கூட்டி யோசித்து வைத்தது இல்லை. யோசித்து வைத்தது வேறு. காலண்டரைப் படிப்பதாக இருந்தேன்.

பெனிட்டா திருகாணியைத் தேடவில்லை. எழுந்து வந்து என் வலது கண்ணைக் கையால் பொத்தினாள். மாவுக் கையோடு நான் நிற்க, இன்னொரு கையை நீட்டி, "எத்தன?" என்றாள்.

உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட வேன் ஜன்னலில் இருந்து அவள் விரலைக் காட்டுவாள். நீ தெருமுனையில் நின்று எத்தனை என்று கத்துவாய். தப்பாகச் சொன்னால் சாயங்காலம் நீ கடலைமிட்டாய் வாங்கித் தரவேண்டும். வாரத்தில் பாதி நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவாய்.

"ரெண்டு" என்றேன்.

"இப்ப?"

"அஞ்சு."

"இப்ப?"

"ஒண்ணுமே காட்டல, கைய மூடி வச்சிருக்க. ஏமாத்துத."

"யாரு ஏமாத்துதா?" என்று சொல்லி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. சேலையெல்லாம் மாவு. ராஜகிளி அடுப்படியில் இருந்து, "அப்பாடா, இனிமே எலுமிச்சம்பழத்த ஊறுகாய்க்குப் போடலாம்" என்றாள்.

சாயங்காலம் பெனிட்டா ஓசூருக்குப் போன் போட்டு, எட்டாம் தேதி வந்துவிடுகிறேன் என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "எம் மவளுக்குக் கருவாடு பிடிக்கும், ஹாஸ்டல்ல விடுவியளான்னு கேளு" என்றேன். கேட்கவில்லை, முறைத்தாள்.

ஜூன் 4, வியாழன்

கடைக்குப் போய் முதல் வேலையாக அந்தக் கோணியை எடுத்தேன். டின் வெறும் டின்னாகத்தான் இருந்தது. மேல்மூடியில் நீ உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பள்ளம்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் அதில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூக்கையா, "யக்கா, எடம் மாறிட்டியளே" என்றான். "இங்ஙனதாம்லே காத்து வருது" என்றேன். நிஜமாகவே வருகிறது, நெத்திலி. இத்தனை வருஷமாகக் காற்று வருகிற இடத்தை நீ வைத்துக்கொண்டாயே, திருட்டுப்பயலே. மத்தியானம் வரைக்கும் மூக்கைச் சிந்திக்கொண்டேதான் வியாபாரம் பார்த்தேன். மிளகாய்த்தூள் நெடி என்று வந்தவர்களிடம் சொன்னேன்.

ஜூன் 5, வெள்ளி

பெட்டி கட்டினோம். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், இரண்டு போர்வை. வறுத்த நெத்திலியை நாலு கவருக்குள் போட்டுத் துணிக்கு நடுவே வைத்தேன். எடுத்து வெளியே வைத்தாள். மறுபடி வைத்தேன். எங்கே வைத்தேன் என்று உனக்கு மட்டும் சொல்லுகிறேன், ஷூவுக்குள்.

ஜூன் 7, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ராஜகிளியும் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது அந்தப் பச்சைச் சேலையை எனக்கே கொடுத்துவிட்டுப் போனாள். "பல்லிக்குக் கட்டி விடுங்க" என்றாள்.

நேற்றுச் சாயங்காலம் பெனிட்டாவை ஏற்றிவிட்டோம். ஏசி பஸ். கண்ணாடி திறக்காது. ஏறுவதற்கு முன்னால் என் காதுக்குள், "எம்மா, எந்தக் கண்ணு போனாலும் போன் போடு. லீவு போட்டுட்டு வந்துருதேன். ஆனா கண்ணப் போவச் சொல்லாத" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "போடி, டிரைவர் ஹாரன் அடிக்காரு" என்றேன்.

ஜன்னலோர சீட். பஸ் பின்னால் எடுத்துத் திருப்பும்போது கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கையைத் தூக்கி விரலைக் காட்டினாள். நான் உடனே வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன். இடது கண்ணாலேயே சொல்லிக் காட்டவேண்டும் என்று ஒரு வீம்பு. பொத்தின பிறகு பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ததும்பி நிற்கிறது. விரல் ஒன்றோடு ஒன்று ஒட்டி, விரிந்து, மீன் குஞ்சு மாதிரி நெளிகிறது. கையை எடுத்துவிட்டு வலது கண்ணால் பார்த்தேன். அதிலும் அதே கதை. இரண்டு நல்ல கண். டாக்டரம்மா உத்தரவாதம் கொடுத்த கண். இரண்டிலும் ஒரு விரல்கூட உருப்படியாகத் தெரியவில்லை.

பஸ் நகர்ந்துவிட்டது. "மூணு!" என்று கத்தினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ஏன் மூன்று என்று ராஜகிளி கேட்டாள். நம் வீட்டில் நாம் மூன்று பேர் என்று வாய் பழகிவிட்டது, அதுதான் வந்தது. கண்ணாடிக்குள்ளே அவள் சிரித்த மாதிரி இருந்தது. சரியாகச் சொன்னதற்கா, தப்பாகச் சொன்னதற்கா என்று தெரியவில்லை.

விடியக்காலம் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் போட்டாள். ஷூவைக் கண்டுபிடித்துவிட்டாள், அதற்கு ஒரு பாட்டம் திட்டு. விரலைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளிடம் கேட்டால் தெரிந்துபோகும். எனக்கு உன்னிடம்தான் கேட்கவேண்டும்.

உன் இடத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத் தெரியும்தானே. சொல்லு நெத்திலி, அவள் மூன்றுதானே காட்டினாள்?